மாவுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

வேலுத்தாய் தூக்கத்தில் காணும் கனவு அவள் அரைத்து விற்ற மாவில் இறங்கி, இரவெல்லாம் அதோடு சேர்ந்து பொங்கி, காலையில் இட்லியாக வெந்து, தின்றவர்களின் கண்ணுக்குள் விரிகிறது என்ற விஷயம் அந்த வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் பேசி, பேசிப் பேசி அலுத்தும் போன பிறகுதான் வேலுத்தாய்க்குத் தெரிந்தது. மாவு விற்கிற வீட்டில் யார் காலையில் உட்கார்ந்து இட்லி அவிப்பார்கள்? அவளுக்கும் அவள் புருஷன் சோணைமுத்துவுக்கும் முந்தின நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீரும் ஒரு வெங்காயமும் போதும். அதனால் ஊரே பார்த்த கனவை, கண்டவள் மட்டும் பார்க்காமல் இருந்தாள்.

சொன்னவள் இரண்டாவது மாடி நூர்ஜகான். சாயங்காலம் ஜன்னல் வழியாகச் சட்டியை நீட்டிக்கொண்டே, வெயில் எப்படி என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"யக்கா, அந்தப் பஸ்ஸு எந்தூருக்குப் போகுது?"

"எந்தப் பஸ்ஸுடி?"

"அதான், நீங்க ஒட்டுத்துணி இல்லாம ஏறுறீகளே, அந்தப் பச்சை பஸ்ஸு."

வேலுத்தாயின் கையிலிருந்த கரண்டி மாவுக்குள் விழுந்து முழுகியது. நூர்ஜகான் பதறிப்போய், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னாள்: "யாரும் தப்பா எடுத்துக்கலக்கா. மொத நாளுதான் எல்லாருக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஆம்பளைக எல்லாம் கண்ண இறுக்கி மூடிக்கிட்டுத்தான் தின்னாக."

"கண்ண மூடுனா இன்னும் நல்லாத் தெரியுமேடி பாவி!"

"அதுவும் வாஸ்தவந்தான்" என்றாள் நூர்ஜகான்.

இது எப்படி வந்தது, ஏன் இவளுக்கு மட்டும் வந்தது என்று குடியிருப்பில் ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் லாரி எந்த நேரத்துக்கு வரும், எந்த மின்கம்பத்தில் ஷாக் அடிக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதுபோல இதையும் தெரிந்துவைத்துக்கொண்டார்கள். இட்லியில் கனவு மெதுவாக, பஞ்சு மாதிரி வரும். தோசையில் விறுவிறுவென்று, ஓரமெல்லாம் முறுகலாக வரும். வாங்கியவுடன் ஃப்ரிட்ஜில் வைத்தவர்களுக்குப் பாதியில் நின்றுபோகும். மிச்ச மாவில் ஊத்தப்பம் ஊற்றினால் பழைய கனவு புளித்துப்போய் முகங்களெல்லாம் கோணலாகத் தெரியும். அடைமழை நாளில் மாவு பொங்கத் தாமதமானால் கனவும் தாமதித்து, வேலைக்குப் போனவர்களுக்கு நடுரோட்டில் சிக்னலில் நிற்கும்போது வந்து சேரும். கனவுக்குள் யாருடைய முகமாவது வந்துவிட்டால், அவருக்கு மட்டும் அது அவர் நின்ற இடத்திலிருந்து தெரியும். ரிடையர்டு கண்டக்டர் தவமணி அந்தப் பச்சை பஸ்ஸில் கண்டக்டராகவே வந்துவிட்டார். எல்லோரும் பஸ்ஸை வெளியிலிருந்து பார்க்க, அவர் மட்டும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பார்த்தார். சர்க்கரை வியாதிக்காரர், இட்லியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், பணிக்கு வரவேண்டியது கடமை என்று ஒரு இட்லி தின்றார். "டிக்கெட் கேக்கலாமான்னு நெனச்சேன்மா" என்று வேலுத்தாயிடமே வந்து சொன்னார். "எங்கிட்டு வச்சிருப்பீக, கேட்டா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன்."

வேலுத்தாய்க்கு அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை. சாதாரண நாளிலேயே எதற்கெடுத்தாலும் பதறுகிறவள் அவள். கேஸ் அடுப்பை மூடிவிட்டு வந்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். யாராவது இரண்டு பேர் சிரித்துப் பேசினால் நம்மைத்தானோ என்று புடவையைச் சரிசெய்கிறவள். இப்போது உண்மையாகவே நம்மைத்தான் என்று தெரிந்த பிறகு, குழாயடிக்குப் போகாமல், மாடிக்குத் துணி காயப்போடப் போகாமல், மாவு கொடுக்கும்போதுகூட ஜன்னலில் முகம் தெரியாமல் கையை மட்டும் நீட்டினாள்.

நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தாள். உப்புப் போட்டு மாவைக் கையால்தான் கலக்க வேண்டும், கைச்சூடு பட்டால்தான் பொங்கும் என்பது மாவு அரைக்கிற எல்லோருக்கும் தெரியும். கனவும் அந்தக் கை வழியாகத்தான் இறங்குகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் ஒருநாள் கரண்டியால் கலந்தாள். மறுநாள் காலை குடியிருப்பு முழுக்க மாவு சுண்ணாம்புத் தண்ணியாகக் கிடந்தது. இட்லித்தட்டில் கல் கல்லாக வந்ததைத் துணியில் முடிந்து கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொரு நாள் கையால் கலந்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்து பார்த்தாள். அன்றும் மாவு பொங்கவில்லை. அவள் தூங்கினால்தான் அது எழும்பும் என்று அப்போது தெரிந்தது. "நீங்க தூங்காம இருந்தா நாங்க எதத் தின்னுறது?" என்று முதல் மாடிப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். சோணைமுத்துவின் ஷேர் ஆட்டோ பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். மாவு நின்றால் வீடு நின்றுபோகும்.

நூர்ஜகான்தான் வழி கண்டுபிடித்தாள். கனவுக்குள்ளேயே முழித்துக்கொண்டு, இது கனவு என்று தெரிந்து, பிறகு கனவை நம் இஷ்டத்துக்குத் திருப்புவதற்குப் பாடம் இருக்கிறது என்று போனில் போட்டுக் காட்டினாள். ஒரு ஆம்பளைக் குரல், பேங்குக்காரர் மாதிரி மரியாதையாகப் பேசியது. தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். கண் விழித்ததும் அசையாமல் படுத்திருந்து, கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, தேதி போட்டு எழுதுங்கள். பகலில் அடிக்கடி உங்கள் கைகளைப் பார்த்து, இது கனவா என்று கேளுங்கள். அது பழக்கமாகிவிட்டால் கனவிலும் கையைப் பார்ப்பீர்கள். கனவில் கை கையாக இருக்காது. அப்போது புரிந்துவிடும்.

"துணியாவது உடுத்திக்கிரலாம்லக்கா" என்றாள் நூர்ஜகான்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வேலுத்தாய். பேனாவைப் பிடித்து ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மிச்சக் கனவு ஜன்னல் வழியாகப் போய்விடும். 'ஆடு' என்று எழுதிவிட்டு, ஆடு என்ன செய்தது என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் எட்டு மணிக்கு மேல் சட்டி கழுவிக்கொண்டு வருகிறவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"எழுதுங்கக்கா, ஆட்டுக்குக் கொம்பு கெடையாது."

"கொம்பு இருந்துச்சு. நீ ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்த மாவு, உனக்குக் கொம்பு வந்துருக்காது."

"அது ஆடே இல்லம்மா" என்றார் தவமணி, "எங்க டிப்போ மேனேஜர். நான் கிட்டக்க நின்னு பாத்தேன்."

இப்படிக் குடியிருப்பே சொல்லச் சொல்ல, அவள் தலை குனிந்து எழுதினாள். தன் கனவைப் பிறர் வாயால் கேட்டு எழுதுவது, தன் உள்பாவாடையைப் பிறர் துவைத்து மடித்துக் கொடுப்பதுபோலக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதினாள். ஏனென்றால் அவளுக்குப் பயம் அந்தப் பஸ்ஸைப் பற்றியல்ல. அவளிடம் இன்னொரு கனவு இருந்தது. சின்ன வயதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவது. மாவு பேச ஆரம்பித்த பிறகு இன்னும் வரவில்லை. அது வருவதற்குள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட வேண்டும்.

குடியிருப்பின் கடைசி பிளாக்கில் அவள் தங்கச்சி பூங்கோதை இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர். வேலுத்தாய் ஐந்தாம் வகுப்பு முடித்த லீவில் பிறந்தவள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அம்மா செங்கல் சூளைக்கு வேலைக்குத் திரும்ப, பிள்ளை வேலுத்தாயின் இடுப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு இடுப்பும் காலியாகவில்லை, பள்ளிக்கூடமும் இல்லை. தாயாக இருந்து வளர்த்தவள் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லும். பூங்கோதையே சொல்லுவாள், பள்ளிக்கூட விழாவில் மைக்கைப் பிடித்துக்கூடச் சொல்லியிருக்கிறாள்: எனக்கு அம்மா ரெண்டு பேர். அப்போதெல்லாம் வேலுத்தாய் முந்தானையைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தக் கனவில் அவளுக்குப் பத்து வயது. இடுப்பில் பிள்ளை. பள்ளிக்கூடத்து வாசலில் வாகைமரம். உள்ளே மணி அடிக்கும். அவள் பிள்ளையை மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடுவாள். அவ்வளவுதான் கனவு. ஆனால் ஓடும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்று வராத சந்தோஷம், இப்போது கட்டிக்கொடுத்துவிட்ட மகள் பிறந்தபோது வராத சந்தோஷம், இடுப்பு லேசாகி, காற்று புகுந்து, உடம்பே பாவாடையாகப் பறக்கிற சந்தோஷம்! முழித்த பிறகும் அது வாயில் இனிக்கும். இனிக்கிற வாயை அப்படியே கழுவித் துப்பிவிட்டுத்தான் அவள் அன்றைய வேலையைத் தொடங்குவாள். கனவில் பிள்ளையை நாய் கவ்விக்கொண்டு போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. அவளே இறக்கி வைத்தாள். சிரித்துக்கொண்டு ஓடினாள்.

அது வர ஆரம்பித்தது, பழையபடி ஒரே மூச்சாக இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் வெறும் சாலை. பிறகு வாகைமரம். பிறகு வாசல். குடியிருப்பில் எல்லோருக்கும் ஆர்வம் தாங்கவில்லை.

"பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறீகளே, உள்ள போவீகளா மாட்டீகளா?"

"நாளைக்காவது சீக்கிரமாப் படுங்கக்கா, கத நகரட்டும்."

பூங்கோதை ஒருநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில், பையும் டிபன் டப்பாவுமாக ஓடி வந்தாள். முகம் கழுவிய விளக்கு மாதிரி இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? ஊருக்கெல்லாம் நீ பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறது தெரியுது. எனக்கு அது தெரியல. எனக்குக் கால் தரையில படாம இருக்கு. யாரோ இடுப்புல தூக்கி வச்சிருக்க மாதிரி. நேத்துப் பூரா, கரும்பலகையில எழுதும்போதுகூட, உன் இடுப்பு எலும்பு என் தொடையில அழுத்திக்கிட்டே இருந்துச்சு. எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா?"

வேலுத்தாய் அடுப்பைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் தங்கச்சிக்கு மட்டும் கடையில் வாங்கிய பாக்கெட் மாவை ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த நாள் பூங்கோதை சட்டியோடு வந்து நின்றாள். "எனக்கு மட்டும் கடை மாவா? நான் என்னக்கா தப்புப் பண்ணேன்?" கண் கலங்கியிருந்தது. தப்பு அவள் செய்ததல்ல. வேலுத்தாய் நல்ல மாவை எடுத்து, மற்றவர்களுக்குப் போடுவதைவிட ஒரு கரண்டி அதிகமாகப் போட்டுக் கொடுத்தாள்.

அதிலிருந்து கையைப் பார்ப்பதே வேலையாயிற்று. உளுந்து கழுவும்போது கையைப் பார்த்தாள், கிரைண்டரை நிறுத்தும்போது பார்த்தாள், பஸ் ஸ்டாப்பில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்து இது கனவா என்று முணுமுணுத்தாள். படை வந்திருக்கிறது என்று நினைத்து யாரோ களிம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். சோணைமுத்து சாப்பிட உட்கார்ந்தவன் கேட்டான்: "என்ன வேலு, கைய எங்கயும் அடகு வைக்கப் போறியா? இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்குற."

"இந்தாங்க, நான் கனவுல முழிச்சுக்கணும்."

"நெசத்துலயே முழிச்சுக்கிட்டு என்னத்தக் கண்டோம்" என்றான் அவன். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்தான். "அந்தப் பிள்ளைய எறக்கி வச்சுருவோம்னு பயப்படுறியா?"

அவன் அவ்வளவு தெரிந்தவன் என்று அவளுக்குத் தெரியாது. தூக்கத்தில் அவள் 'இறங்கு பாப்பா' என்று முனகிச் சிரிப்பதை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவன். ரசத்தை ஊற்றினாள், தட்டு நிறைந்து வழிகிற வரைக்கும்.

கையைப் பார்த்தால் கனவு என்று தெரியும். தெரிந்தவுடன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்துவிட வேண்டும். அவள் வைத்திருந்த திட்டம் அவ்வளவுதான். அதை மனப்பாடம் செய்தாள். அரைக்கும்போது சொன்னாள், கலக்கும்போது சொன்னாள். திரும்பு, நட. திரும்பு, நட.

பிறகு ஒரு விடியலில் வாகைமரம் வந்தது. பூ உதிர்ந்து கிடந்தது. இடுப்பில் பிள்ளை, எச்சில் அவள் தோளில் வழிந்து குளிர்ந்தது. உள்ளே மணி அடித்தது. வேலுத்தாய் பிள்ளையை இறக்கக் குனிந்தாள், குனியும்போது கையைப் பார்த்தாள்.

பத்து வயதுப் பிள்ளையின் உடம்பில், முழங்கைக்குக் கீழே, ஐம்பதை நெருங்குகிற ஒருத்தியின் கை இருந்தது. புறங்கையில் நரம்பு, நகக்கண்ணில் உளுந்து, விரலிடுக்கில் காய்ந்து வெடித்த மாவு. இது கனவு, என்றாள் வேலுத்தாய். சொன்னவுடன் எல்லாம் கழுவி வைத்ததுபோலத் தெளிவாயிற்று. வாகைப் பூவின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. தான் படுத்திருக்கிற பாய் தெரிந்தது. குடியிருப்பின் ஒவ்வொரு அடுக்களையிலும் தன் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்பது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதை எல்லோரும் தின்பார்கள். இந்தப் பிள்ளை பிள்ளையல்ல, கடைசி பிளாக்கில் தன் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே தூங்குகிற டீச்சர், அவளும் தின்பாள். எல்லாம் தெரிந்தது. திரும்பு, நட, என்பதும் தெரிந்தது.

இத்தனை வருஷமும் தெரியாமல் இறக்கி வைத்தாள். இப்போது தெரிந்து இறக்கி வைத்தாள். மாவுக் கையால் மரத்தடியில் பூவைக் கொஞ்சம் கூட்டி, அதன்மேல் உட்கார வைத்தாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. அவள் எழுந்தாள், ஓடவில்லை, மெதுவாக நடந்து உள்ளே போனாள். ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆறாம் வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் கரும்பலகையில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒரு டீச்சர் அந்தக் காலிப் பலகையைப் பிரம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். வேலுத்தாய் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. கேட்டும் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஜன்னலைத் திறக்கவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை. கழுவிய சட்டிகளை வெளியே ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் கூப்பிடவில்லை, ஒருவரும் கதை கேட்கவில்லை. ஒட்டுத்துணி இல்லாமல் பஸ்ஸில் ஏறியதைச் சிரித்துப் பேசிய குடியிருப்பு, ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் படியேறியது. தவமணி மட்டும் கதவுக்கு வெளியே நின்று ஒருமுறை செருமினார். "இன்னைக்கு ரெண்டு இட்லி தின்னுட்டேன்மா" என்றார். பிறகு அவரும் போய்விட்டார். வேலுத்தாய் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடத்தில், முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்துவிட்டாள். சோணைமுத்து டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வண்டியை எடுக்காமல் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான்.

பூங்கோதை பள்ளிக்கூடம் விட்டுத்தான் வந்தாள். சோணைமுத்து எழுந்து வழிவிட்டான். அதற்குள் வேலுத்தாய் வேறு வழியில்லாமல் மாவு அரைத்து, பெரிய பாத்திரத்தில் வழித்து, உப்பைப் போட்டுக் கலந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மாவுக்குள் இருந்தது. தங்கச்சியின் காலைத்தான் பார்த்தாள். செருப்பைக் கழற்றிய கால், சாக்பீஸ் தூசி படிந்த புடவைக் கரை.

"அழுதேன்க்கா" என்றாள் பூங்கோதை. "இட்லி தொண்டையில இருக்கும்போதே ஆரம்பிச்சிருச்சு. வழியெல்லாம் அழுதேன், பிரேயர்ல அழுதேன். பிள்ளைக எல்லாம் டீச்சர் வீட்டுல யாரோ செத்துட்டாகன்னு நெனச்சுச்சுக. இடுப்பு இல்லாம ஒரு நாள் பூராக் கெடந்தேன். நீ திரும்பியே பாக்கல."

"இல்ல பாப்பா" என்றாள் வேலுத்தாய். என்ன இல்லை என்று அவளுக்கே தெரியவில்லை. "தெரிஞ்சேதான் போனேன். கனவுன்னு தெரிஞ்சேதான்."

"தெரியும். கையப் பாத்தீல. பூவக் கூட்டுனீல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." பூங்கோதை மூக்கை உறிஞ்சினாள். "மத்தவுகளுக்கெல்லாம் நீ உள்ள போனது தெரிஞ்சிருக்கு. எனக்கு மரந்தான் தெரிஞ்சுச்சு. நூர்ஜகான் அக்காதான் சொன்னாக. பலகையில ஒண்ணுமே இல்லையாமே?"

வேலுத்தாய் தலையசைத்தாள்.

"வெறும் பலகையப் பாக்குறதுக்கா என்னய எறக்கி விட்ட?"

அதில் கோபம்தான் இருந்தது. கோபத்தோடேயே பையைத் திறந்து, ஓரம் மடங்கிய ஒரு புத்தகத்தை எடுத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் தினமும் பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடம். "நாளைக்கும் போ" என்றாள். "போகாம இருக்க மாட்ட, எனக்குத் தெரியும். ஆனா கடைசி மணி அடிச்சதும் வெளிய வந்து என்னயத் தூக்கு. மறந்தேன், தூங்கிட்டேன்னு சொன்னா நடக்குறதே வேற. இப்பக் கையெடுக்காத, கலந்துக்கிட்டே கேளு. வேர் ரெண்டு வகைப்படும். ஒண்ணு ஆணிவேர். மண்ணுக்குள்ள நேரா எறங்கும்..."

வகுப்பில் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி, பூங்கோதை வாசித்துக்கொண்டே போனாள். ஜன்னலுக்கு வெளியே காலிச் சட்டிகளோடு வந்தவர்கள் சத்தம் போடாமல் நின்றார்கள். வேலுத்தாய்க்குக் கண்ணிலிருந்து வழிந்தது, மூக்கிலிருந்தும் வழிந்தது, காதெல்லாம் சுட்டது. ஊர் பார்க்க, தங்கச்சி பார்க்க, இரண்டு கையும் மாவுக்குள் இருந்ததால் அவளால் முகத்தை மூடிக்கொள்ள முடியவில்லை.